கணினிப் பயிற்சியும் பின்வரிசைக் கதிரைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சென்ற மாதம் எமது மாவட்டத்து அலுவலகமொன்றில் நடைபெற்ற கணினிப் பயிற்சிப் பட்டறைக்கு, பழைய பதிவேடுகளில் உள்ள குறிப்புகளை விளங்கப்படுத்துவதற்காக என்னையும் அழைத்திருந்தார்கள். பயிற்சி தொடங்குமுன் வளவாளர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, "ஐம்பது வயதைக் கடந்தவர்கள் தயவுசெய்து பின்வரிசைக்குச் செல்லுங்கள், முன்னால் இருக்கும் பிள்ளைகள் விளங்கிக்கொண்டு பிறகு உங்களுக்குச் சொல்லித் தருவார்கள்" என்றார். எவரையும் புண்படுத்தும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை. நேரத்தை மிச்சப்படுத்துவதாகவே நினைத்திருப்பார். ஒன்பது பேர் எழுந்து பின்னால் போனார்கள். அவர்களில் மூவர் தேநீர் இடைவேளைக்குப் பின்னர் மண்டபத்துக்குத் திரும்பவில்லை. அந்த மூன்று வெற்றுக் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு மாலைவரை இருந்ததன் விளைவே இக்கடிதம்.

புதிய தொழில்நுட்பம் இளையவர்களுக்கு இலகுவில் வசப்படும், மூத்தவர்களுக்கு அது ஏறாது என்ற எண்ணம் எங்கள் அலுவலகங்களில் எவரும் கேள்வி கேட்காத ஒரு விதியாகிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வன்னியில் தட்டச்சாளராகவும் எழுதுவினைஞராகவும், பின்னர் பதவியின் பெயர் மாறி முகாமைத்துவ உதவியாளராகவும் வேலை செய்து ஓய்வு பெற்ற நான், அந்த விதி பொருந்திய சந்தர்ப்பங்களை விடப் பொருந்தாத சந்தர்ப்பங்களையே அதிகம் கண்டிருக்கிறேன்.

பின்வரிசைக்கு அனுப்பப்பட்டவர்கள் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1990 களில் பொருளாதாரத் தடை வன்னியை இறுக்கியிருந்த காலத்தில், பற்றரி கிடைக்காதபோது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் அவர்கள். பெற்றோலில் ஓட வேண்டிய மோட்டார் சைக்கிளை, சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த சில துளி பெற்றோலால் இயக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிப் பழகியவர்கள். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் மாதச் சம்பளப் பட்டியலைச் சதம் பிசகாமல் கூட்டி முடித்தவர்கள். 1996 இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது எங்கள் பிரிவின் ரைப்ரைற்றர் உரப்பையால் போர்த்தப்பட்டு ஒரு சைக்கிள் கரியரில் கட்டப்பட்டுப் போனது. கொட்டிலொன்றில் இறக்கி வைத்த அன்று மாலையே அதில் கடிதம் அடிக்கப்பட்டது. ரிபன் காய்ந்தால் தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளி விட்டு இரவு முழுவதும் சுருட்டி வைத்து, மறுநாள் மீண்டும் பயன்படுத்தினோம். இவற்றில் எதற்கும் பட்டறை நடக்கவில்லை, சான்றிதழும் தரப்படவில்லை. இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் புதியதைக் கற்க அஞ்சுகிறார்கள் என்று சொல்லும்போது, அவர்கள் உண்மையில் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதையும் ஒருமுறை விசாரித்திருக்க வேண்டும்.

நான் விசாரித்தேன். திரும்பி வராத மூவரில் ஒருவர், என்னோடு நெடுங்காலம் ஒரே பிரிவில் இருந்தவர், சொன்ன பதில் இது: "பதிவேட்டில் பிழை விட்டால் சிவப்பு மையால் கோடிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்போம், பிழையும் தெரியும், திருத்தமும் தெரியும், திருத்தியவரும் தெரியும். இதில் ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினால் என்ன போனது என்றுகூடத் தெரியாதே. நாளைக்கு ஐயவினா வந்தால் யார் பதில் சொல்வது?" கணக்காய்வு ஐயவினாவுக்கு ஒருமுறையேனும் விளக்கம் எழுதியவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் தெரியும். நல்ல மென்பொருட்கள் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதையெல்லாம் பதிந்து வைத்திருக்கும். சிவப்பு மையை விட அது உறுதியான சாட்சி. ஆனால் அந்தப் பதிவு எங்கே இருக்கிறது, அதை எப்படித் திறந்து பார்ப்பது என்பதை அன்றைய பட்டறையில் எவரும் காட்டவில்லை. காட்டியிருந்தால் முதலில் எழுந்து முன்வரிசைக்கு வந்திருக்கக்கூடியவர் அவர்தான். பொத்தான்களைச் சொல்லிக் கொடுத்தோம். பொறுப்பு எங்கே பதிவாகிறது என்பதைச் சொல்லவில்லை.

தலைமுறை என்ற சொல்லையே வன்னியில் சற்றுக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். பயிற்சிக் கையேடுகளில் ஊழியர்களைப் பிறந்த ஆண்டின்படி எக்ஸ், வை, இசட் என்று பிரித்திருப்பார்கள். அந்தக் கணக்கில் 1990 இல் பிறந்த ஒருவர் கணினியோடு வளர்ந்தவர். வன்னிப் பெருநிலத்தின் உட்புறத்தில் 1990 இல் பிறந்த ஒரு பிள்ளை ஆறு வயதில் முதல் இடப்பெயர்வைக் கண்டது. 2002 இன் போர்நிறுத்தத்தோடு ஏ9 வீதி திறந்தபோது பன்னிரண்டு வயது. 2006 ஓகஸ்டில் அதே வீதி மூடப்பட்டபோது பதினாறு. உயர்தரம் படிக்க வேண்டிய வயதில் பதுங்குகுழி. 2009 மே மாதத்துக்குப் பின் செட்டிக்குளத்து முகாம். இருபதைக் கடந்த பின்னரே கணினியைத் தொட்ட அத்தகைய பலர் இன்று அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக இருக்கிறார்கள். அதே 1990 இல் வவுனியா நகரத்தில் பிறந்து, மின்சாரமும் தனியார் கணினி வகுப்பும் கிடைத்த ஒருவர் அவர்களுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறார். இருவருக்கும் ஒரே வயது. ஒருவருடைய தயக்கத்தை மற்றவர் சோம்பல் என்று எண்ணுவதையும் கண்டிருக்கிறேன். எங்கள் தலைமுறைகளைப் பிரிக்கும் கோடுகள் பிறப்புச் சான்றிதழில் இல்லை. எந்த இடப்பெயர்வின்போது எந்த வகுப்பில் இருந்தார், ஊருக்கு மின்சாரம் எப்போது வந்தது என்பவற்றில் இருக்கின்றன.

மிக இளையவர்களின் நிலையும் நாம் நினைப்பது போன்று எளிதல்ல. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது சமிக்ஞை கிடைக்கும் இடம் தேடிக் குளக்கட்டிலும் மரத்தடியிலும் நின்று கைப்பேசியில் பாடம் கேட்ட பிள்ளைகள் இப்போது அலுவலகங்களுக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். கைப்பேசியில் அவர்கள் செய்யும் வேலையின் வேகம் என்னை மலைக்க வைக்கிறது. ஆயினும், இருபது நிரல்களும் மூவாயிரம் வரிசைகளும் கொண்ட எக்செல் தாளொன்றைத் திறந்து கொடுத்தால் அவர்களிலும் பலர் திகைக்கிறார்கள். ஆவணமொன்றைச் சேமித்த பின்னர் அது எந்த அடைவுக்குள் போனது என்று தேடுகிறார்கள். இது அவர்களுடைய குறையன்று. கைப்பேசி எல்லாவற்றையும் தானே ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிடுவதால், கோவைகளை அடுக்கும் பழக்கம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இலக்கமிட்டுக் கோவை அடுக்கத் தெரிந்தவர்களோ பின்வரிசையில் இருந்தார்கள்.

விசைப்பலகையைப் பற்றியும் சிறிது விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் தமிழில் வேலை செய்யும் எவருக்கும் தலைமுறை வேறுபாடு முதலில் விரல் நுனியிலேயே தெரியவருகிறது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய முத்தையா 1886 இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர் என்பதை எங்கள் தட்டச்சு ஆசிரியர் பெருமையோடு சொல்வார். அந்தப் பொறியில் பழகிய விரல்களுக்குக் கணினியில் வந்த பாமினி எழுத்துரு அதிகம் அந்நியமாக இருக்கவில்லை. 2003 இல் எங்கள் பிரிவுக்கு முதலாவது கணினி வந்தபோது நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலங்கள் மட்டுமே மின்பிறப்பாக்கி இயங்கியது. அந்த இரண்டு மணித்தியாலங்களில் அதிக பக்கங்களை அடித்து முடித்தவர்கள் ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்த தட்டச்சாளர்களே. பிறகு ஒருங்குறி (யூனிகோட்) வந்தது. இளையவர்கள் ஆங்கில விசைகளில் ஒலியை அடித்துத் தமிழைப் பெறுகிறார்கள். நாங்கள் பழைய இடங்களில் விரலை வைத்துத் தடுமாறுகிறோம்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், புதிதாக வந்த உத்தியோகத்தர் ஒருவர் பழைய இறுவட்டு ஒன்றைத் திறந்துவிட்டுப் பதறிப்போய் வந்தார். மீள்குடியேற்றக் காலத்து அறிக்கைகள் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிவதாகவும், வைரஸ் தின்றுவிட்டதாகவும், அழித்துவிடலாமா என்றும் கேட்டார். அருகிலிருந்த மூத்த தட்டச்சாளர் கண்ணாடியை உயர்த்தி ஒருமுறை பார்த்துவிட்டு, "இது வைரஸ் இல்லை பிள்ளை, பாமினி" என்றார். எழுத்துருவைத் தெரிவு செய்ததும் முழுத் தமிழும் எழுந்து வந்தது. அந்த இளம் உத்தியோகத்தர் இணையத்தில் எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்து, ஒரு பிற்பகலுக்குள் அவ்வளவையும் ஒருங்குறிக்கு மாற்றினார். மாற்றும்போது சிதைந்த கொம்புகளையும் கால்களையும் தட்டச்சாளர் ஒரு வாரம் இருந்து திருத்தினார். அழித்திருந்தால், போரில் ஆவணங்களை இழந்து திரும்பி வந்த குடும்பங்கள் எந்தக் காணியில் எப்போது குடியமர்ந்தன என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே பட்டியல் போயிருக்கும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பெற்ற அனுமதிப்பத்திரங்களை முள்ளிவாய்க்கால் வழியிலே தொலைத்தவர்களுக்கு அப்பட்டியலில் உள்ள ஒரு வரி என்ன பெறுமதி என்பதை வன்னி வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இளையவர்கள் மீது ஏற்றப்படும் சுமையையும் சொல்லாமல் விட்டால் இக்கடிதம் ஒருபக்கச் சார்பாகிவிடும். "பிள்ளை, இதைக் கொஞ்சம் பாரும்" என்று நாங்கள் அன்பாகக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளையின் சொந்த வேலை நின்றுபோகிறது. அச்சுப்பொறியில் தாள் சிக்கினாலும் அவர்தான், மேலதிகாரியின் சூம் கூட்டத்துக்கு ஒலி வராவிட்டாலும் அவர்தான். ஆண்டிறுதி மதிப்பீட்டில் இவற்றில் ஒன்றும் எழுதப்படுவதில்லை, அவருடைய மேசையில் தேங்கிய கடிதங்கள் மட்டுமே எண்ணப்படுகின்றன. இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப் குழுவில் வரும் சுற்றறிக்கைக்கு அவர்தான் பதிலளிக்க வேண்டும், தன்னுடைய சொந்தத் தரவுச் செலவில். இதைவிடப் பாரதூரமானது கடவுச்சொல் விவகாரம். அனுமதி வழங்க வேண்டிய மூத்த அதிகாரி தமது கடவுச்சொல்லைக் கடதாசியில் எழுதி இளையவரிடம் கொடுத்துவிட்டு, "நீரே போட்டுவிடும்" என்று சொல்லும் வழக்கம் நான் அறிந்த அலுவலகங்களில் இருக்கிறது. கணினியைப் பொறுத்தவரை அனுமதித்தவர் அதிகாரி. உண்மையில் விசையை அழுத்தியவர் சேவைக்கு வந்து ஆறு மாதமான ஒருவர். நாளை ஏதேனும் பிழைத்தால் யாருடைய தலை உருளும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மக்களின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, வருமானம் ஆகியவை இப்படிக் கைமாறும்போது, 2022 இல் நிறைவேற்றப்பட்ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் மேசைகளை இன்னும் வந்தடையவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

எங்கள் தலைமுறையும் பழுதற்றதன்று. கோவை தன் அலுமாரியில் இருக்கும்வரைதான் தனக்கு மதிப்பு என்று நினைத்து, கணினியில் ஏற்றுவதை வேண்டுமென்றே தாமதப்படுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மின்னஞ்சலாக வந்த கடிதத்தை அச்சிட்டு, திகதி முத்திரை குத்தி, கோவையில் இட்டு, பதிலைக் கையால் எழுதி, அதைத் தட்டச்சு செய்வித்து, ஒப்பமிட்டு, ஸ்கேன் செய்து, மீண்டும் மின்னஞ்சலில் அனுப்பியவர் ஒருவர் இருந்தார். அந்த ஒருவர் நான்தான். நான்கு ஆண்டுகள் அப்படிச் செய்தேன். என்னை மாற்றியது எந்தப் பட்டறையும் அல்ல. 2022 இல் தாள் விலை ஏறி, அலுவலகத்துக்கு மாதத்துக்கு ஒரு கட்டுத் தாள் கூட வராமல் போனதே என்னை மாற்றியது.

அதே 2022 இன் யூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் குறியீடு வந்ததை நினைத்துப் பாருங்கள். கைப்பேசியில் அழைப்பை ஏற்பதற்கு மேல் எதுவும் செய்திராத எழுபது வயது விவசாயிகள், அந்தக் குறியீட்டை அச்சிட்டு லமினேட் செய்து திறப்புக் கோர்வையில் தொங்கவிட்டார்கள். வாகன இலக்கத்தின் கடைசி எண்ணுக்கு எந்த நாள் என்பதையும் இந்த வாரம் எத்தனை லீற்றர் மிச்சம் என்பதையும் வரிசையில் நின்றவர்களுக்கு அவர்களே விளக்கினார்கள். எரிபொருள் நிலையத்து ஊழியர்களும் சில நாட்களுக்குள் பழகிவிட்டார்கள். எதற்காகக் கற்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாததை வெட்கமின்றிக் கேட்கவும் முடிந்தது, ஏனெனில் அன்று எல்லோருமே தெரியாதவர்கள். வயற்காரர்களைப் பின்வரிசையில் நிற்கச் சொல்ல அங்கே எவரும் இருக்கவில்லை.

இன்னொன்று, இயந்திரமே மனிதரை அறியாத சந்தர்ப்பங்களும் உண்டு. வரவைப் பதியும் கைவிரல் அடையாள இயந்திரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, காரியாலய உதவியாளர் ஒருவரின் விரலை அது ஏற்கவே இல்லை. அதிகாலையில் வயலில் நின்றுவிட்டு எட்டரைக்குப் பணிக்கு வருபவர். மண்வெட்டியும் சேறும் ரேகைகளைத் தேய்த்திருந்தன. இயந்திரம் ஒவ்வொரு நாளும் "பிளீஸ் ட்ரை அகெய்ன்" என்று சொல்ல, தமக்குத் தெரிந்த ஒரே ஆங்கில வசனம் அதுதான் என்று அவர் சிரிப்பார். அவர் தொழில்நுட்பத்துக்கு இணங்கவில்லை என்று மாதாந்தக் கூட்டத்தில் குறிப்பெழுதினார்கள். இறுதியில் கையொப்பப் பதிவேட்டைத் திரும்பவும் வைக்க வேண்டியதாயிற்று.

மொழியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, ஏனெனில் இப்பத்திரிகையில் அது பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் நான் பங்குபற்றிய பயிற்சிகளில் பெரும்பாலானவற்றில் திரை ஆங்கிலத்திலும் விரிவுரை சிங்களத்திலும் இருக்க, ஒருவர் நின்று தமிழில் சுருக்கிச் சொன்னார். அப்படிக் கேட்டு விளங்காமல் போனதற்கு வயதைக் காரணம் சொல்வது பொருத்தமற்றது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகளுக்கும் அது விளங்கவில்லை. அவர்கள் பிறகு யூரியூப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு எனக்குத் தோன்றுபவற்றைச் சம்பந்தப்பட்டவர்களின் கவனத்துக்கு வைக்கிறேன். மண்டபத்தில் ஒரே நாளில் அறுபது பேருக்கு நடத்தும் பட்டறைகளைக் குறைத்து, அந்தந்த அலுவலகத்தின் மேசையில், அந்தந்த விடயத்துக்குரிய கோவைகளைக் கொண்டே, வாரத்தில் ஒரு பிற்பகல் வீதம் மூன்று மாதங்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். அதற்கு ஆட்களை வெளியிலிருந்து தருவிக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இயங்குகிறது. அங்கு படிக்கும் எமது பிள்ளைகள் தமிழில் சொல்லித் தருவார்கள், எங்கள் பதிவேடுகளிலிருந்து அவர்களும் சிலவற்றைப் படிப்பார்கள். கற்கும் காலத்தில் உண்மையான தரவைத் தொடாத ஒரு மாதிரிப் பிரதியைக் கொடுத்து, அதில் எவ்வளவு பிழையும் விடலாம் என்று அனுமதிக்க வேண்டும். 2025 பெப்ரவரியில் அரசின் இணையவழிக் கொடுப்பனவு முறையான கவ்பே ஆரம்பிக்கப்பட்ட பின்னர் அரச கொடுப்பனவுகள் ஒவ்வொன்றாக இணையத்துக்குப் போகின்றன. முப்பது ஆண்டுகள் காசைக் கையால் எண்ணிய ஒரு சிறாப்பர், பொதுமக்களின் பணத்தில்தான் தன் முதற்பிழையை விட வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது.

அடுத்தது, வெளியேறியவர்களைப் பற்றியது. அறுபத்தைந்து வரை சேவையில் இருக்கலாம் என்று அறிவித்து, ஓராண்டுக்குள்ளேயே அறுபது என்று மாற்றியதால், 2022 டிசெம்பர் 31 ஆம் திகதி என்னைப் போன்ற பலர் ஒரே நாளில் மேசையை விட்டு எழுந்தோம். கையளிப்புக்கு எனக்குக் கிடைத்தவை இரண்டு வேலை நாட்கள். எந்த வாய்க்கால் எப்போது திசை மாறியது, எந்தப் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருக்கிறது, எந்த இலக்கம் 2009 க்குப் பின் மீண்டும் வழங்கப்பட்டது என்பவை மென்பொருளில் நிரப்புவதற்குக் கட்டமில்லாத செய்திகள். மாதத்தில் இரண்டு நாட்கள் வந்து இளையவர்களுக்குப் பக்கத்தில் இருங்கள், பேருந்துக் கட்டணம் மட்டும் தருகிறோம் என்று அழைத்தால், வரக்கூடிய பதினைந்து பேரையாவது இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியும்.

மேற்சொன்ன பட்டறையின் இரண்டாம் கட்டம் அடுத்த மாதம் நடைபெறவிருப்பதாக அறிவித்தல் வந்திருக்கிறது. அதனோடு இணைக்கப்பட்ட படிவத்தில் பங்குபற்றுவோரின் பெயருக்கு எதிரே "வயது" என்று ஒரு நிரல் உள்ளது. அந்த நிரலை அகற்றி, "பொறுப்பான விடயம்" என்ற நிரலைச் சேர்க்குமாறும், காணி விடயத்தைப் பார்க்கும் மூத்தவரையும் இளையவரையும் ஒரே கணினியின் முன் அருகருகே இருத்துமாறும் பொறுப்பதிகாரிக்குக் கடிதம் அனுப்பியுள்ளேன். ஒருங்குறியில் நானே அடித்து, அச்சிடாமல், மின்னஞ்சலில் அனுப்பினேன். பதில் கிடைத்ததும் தங்களுக்கும் அறியத் தருவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற முகாமைத்துவ உதவியாளர்,
கிளிநொச்சி.